சதிர் என்ற சொல்லும் பழைய இதழ்களும்



சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, தடாவில் மேற்கே திரும்பிக் காளத்திக்குப் போகும் பாதையில் வரதய்யபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. தெலுங்கும் தமிழும் கைகோத்து நடக்கும் எல்லைப் பகுதி அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது; 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஆந்திரத்துக்கும் மாறின. வரைபடத்தில் கோடு இடம் மாறியது. காதுக்குப் பழகிய பாட்டு அக்கோட்டைக் கேட்டுக்கொண்டு மாறவில்லை.

அவ்வூருக்குத் தென்மேற்கே, புத்தூருக்கு அப்பால் கார்வேட்டிநகரம் இருக்கிறது. முற்காலத்தில் அது ஒரு ஜமீன். அச்சமஸ்தானத்து வித்துவானாகிய சாரங்கபாணி, அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள வேணுகோபாலன் பெயரை முத்திரையாக வைத்துத் தெலுங்கில் பதங்கள் இயற்றினார். அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களும் பெயர் பெற்றவை. இவை ஆடுவதற்கென்று பிறந்த இசை. தெலுங்கு நாட்டு மூவ்வாவைச் சேர்ந்த க்ஷேத்ரய்யாவின் பதங்களோ, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அரண்மனையிலேயே ஒலித்தவை. தமிழ்ப் பெண்கள் தெலுங்குப் பதத்தைப் பாடி அபிநயம் பிடித்தார்கள். தமிழ் நட்டுவனார் அதற்குத் தாளம் தட்டினார். இதில் எவருக்கும் வியப்பு இருந்ததில்லை.

இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெண் குழந்தையைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தமிழைப் படிக்கத் தெரியாத குழந்தைகூட ‘தா தெய் தெய் தா’ என்று சொல்லுகிறது. அரங்கேற்ற அழைப்பிதழில் ஒரு சிறு வரலாறு அச்சிடப்படுகிறது. இக்கலை மிகப் பழையது, கோயிலில் பிறந்தது, நடுவில் தாழ்ந்தது, பின்னர்ச் சில பெரியோர்களால் மீட்கப்பட்டது என்று நான்கு வரிகளில் அவ்வரலாறு முடிகிறது. அவ்வரிகளில் பொய் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. ஆயினும் பல பெயர்கள் அவற்றில் இல்லை. அப்பெயர்களை எங்கே தேடுவது?

பழைய செய்தித்தாள்களிலும் வார இதழ்களிலும் தேட வேண்டும் என்பதே இன்று நான் சொல்லவந்த செய்தி. நடனம் ஆடிய கணமே மறைந்துபோகும் கலை. பழைய கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். விளம்ப காலத்தில் நிதானமாகப் பாடும் பதம் அதற்குள் அடங்குவதில்லை. அடங்கிய அளவிலும் குரல் மட்டுமே கிடைக்கும், கண்ணும் கையும் கிடைக்கமாட்டா. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று பிறந்தது. வானொலியிலும் நடனத்தைக் காண முடியாது. ஆகவே அந்நாளில் மேடையிலும் கூடத்திலும் நடந்தது என்னவென்று அறியப் பத்திரிகையின் பத்தியே பெரும் சாட்சியாக நிற்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சாட்சியத்தில் முதலில் கண்ணில் படுவது சொற்கள்தாம். ஒரே கலைக்கு எத்தனை பெயர்கள்! ‘சதிர்’ என்றார்கள், ‘சின்ன மேளம்’ என்றார்கள், நாகசுரக் கோஷ்டி பெரிய மேளம் என்றால், ஆடும் பெண்ணும் நட்டுவனாரும் சேர்ந்த கோஷ்டி சின்ன மேளம். தெலுங்குப் பக்கம் ‘போகம் மேளம்’ என்ற பேச்சு இருந்தது. செல்வர் வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கு ‘மேஜுவாணி’ என்று பெயர். ஆங்கிலப் பத்திரிகைகள் இவை யாவற்றையும் ‘நாட்ச்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தன. பின்னர் ‘பரதநாட்டியம்’ வந்தது. இவற்றை ஒரே பொருள் தரும் சொற்களென்று அகராதியில் அடுக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், யார் கையால், எதற்காக எழுதப்பட்டது என்று பார்த்தால், அவை ஒரே பொருளைத் தரவில்லை என்பது தெளிவாகும்.

முதலில் ஒரு வெளிநாட்டுச் சாட்சியை அழைப்போம். 1838-ஆம் ஆண்டில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருவயிந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசியர் ஐவரும், வாத்தியக்காரர் மூவரும் ஒரு பிரெஞ்சு வணிகரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பாரிஸ் சென்றனர். மன்னர் லூயி பிலிப்பின் முன்னிலையில் ஆடினர். ஆகஸ்டு மாதத்தில் ‘வாரியத்தே’ என்னும் நாடகக் கொட்டகையில் பொதுமக்கள் முன் ஆடினர். பிறகு இலண்டனில் ‘அடெல்ஃபி’ கொட்டகைக்குச் சென்றனர். அவர்களுள் மூத்தவர் தில்லம்மாள். பெரும்புகழ் பெற்றவர் அம்மணி என்னும் இளம்பெண். பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே அவர்களைக் கண்டு ‘லா பிரெஸ்’ என்னும் நாளிதழில் விரிவாக எழுதினார். ழான் ஓகுஸ்த் பார் என்னும் சிற்பி அம்மணியின் உருவத்தை வடித்தார்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் இசைநாடக மேடையில் ‘பயதேர்’ என்ற பெயரில் ஓர் இந்திய ஆடற்பெண் கற்பனைப் பாத்திரமாக வந்து, புகழ்பெற்ற தாக்லியோனி அதில் ஆடிவிட்டார். ஆகவே பாரிஸ் மக்கள் தம் கற்பனைப் பெண்ணைத் தேடியே உண்மைப் பெண்ணைப் பார்க்க வந்தனர். கோத்தியே எழுதியதிலும் அக்கற்பனையின் மயக்கம் உண்டு. எனினும் நகை, உடை, நிறம், அசைவு, வாத்தியம் ஆகியவற்றை அவர் உற்று நோக்கி எழுதியிருக்கிறார். அவருடைய பாராட்டைக் காட்டிலும் அந்த நோக்கே நமக்குப் பயன்படுகிறது. தமிழ்நாட்டுச் சதிர் அச்சேறிய பத்திரிகை விமரிசனத்தில் இவ்வளவு விரிவாக இடம்பெற்றது அந்நாளில் அரிது. அந்த அரிய பக்கமும் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அப்பக்கங்களில் ‘ரம்கூன்’ என்று காணப்படும் பெயரைப் படிக்கும் தமிழர், அது ரங்கம் என்னும் பெண்ணாக இருக்கவேண்டும் என்று உணர்வார். எழுத்துக்கூட்டு சிதைந்தாலும் பெயர் நின்றது. நம் நான்கு வரி வரலாற்றில் அதுவும் இல்லை.

அடுத்த சாட்சி சென்னையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சமூகச் சீர்திருத்தப் பேச்சு ஓங்கியது. 1890-இல் சென்னையில் ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ என்னும் வார இதழ் தோன்றியது. கல்யாணத்திலும், அதிகாரிகளை வரவேற்கும் விழாவிலும் தாசியர் ஆட்டம் வைக்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று சீர்திருத்தக்காரர் எழுதினர். 1893-இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், அத்தகைய ஆட்டம் நடக்கும் விழாக்களுக்குச் செல்லலாகாது என்று வைசிராய்க்கும் சென்னைக் கவர்னருக்கும் விண்ணப்பம் அனுப்பினர். தாங்கள் கண்ட ஆட்டங்களில் தகாதது ஒன்றும் இல்லை என்ற கருத்தோடு அவ்விண்ணப்பத்தை அவர்கள் ஏற்க மறுத்தனர். இச்செய்தி இன்று பலருக்கு வியப்பளிக்கும். ஆங்கில ஆட்சியே இக்கலையைத் தடுத்து அழித்தது என்று நாம் மேடையில் சொல்லிப் பழகியிருக்கிறோம். பழைய இதழைப் புரட்டினால், வாதமும் எதிர்வாதமும் பெரும்பாலும் நம்மவர் வீட்டுக்குள்ளேயே நடந்தன என்பது தெரிகிறது.

அவ்வாதம் உச்சிக்கு ஏறியது 1932-ஆம் ஆண்டின் இறுதியில். பொப்பிலி அரசர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்றதைக் கொண்டாடிய விருந்தில் ஒரு நடனம் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதனைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். வழக்கறிஞரும், மேடையில் தாமே பெண்வேடம் பூண்டு ஆடியவருமான ஈ. கிருஷ்ணய்யர் மறுமொழி எழுதினார். ‘இந்து’, ‘மெட்ராஸ் மெயில்’ முதலிய இதழ்களில் கடிதங்கள் தொடர்ந்தன.

இக்கடிதப் போரைப் பிற்காலத்தார் எளிதாக இரண்டாகப் பிரித்துவிட்டனர். ஒருவர் கலையின் பகைவர், ஒருவர் கலையின் காவலர் என்றாயிற்று. மூலத்தை நாடுவோர் அவ்வாறு சொல்லத் துணியார். முத்துலட்சுமி அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் அக்குலத்தில் பிறந்தவர். பெண்மகவைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதால் விளையும் துன்பத்தை அம்மையார் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். மருத்துவராகவும், சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராகவும் இருந்து, அவ்வழக்கத்துக்கு எதிராக 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தவர். அவர் தொடங்கிய முயற்சி 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறைவேறியது. ஆட்டத்துக்குக் கிடைக்கும் ஆதரவு அவ்வழக்கத்தையே நிலைநிறுத்தும் என்பது அவர் கவலை. கிருஷ்ணய்யரோ, வழக்கத்தின் குற்றத்துக்காகக் கலையைக் கொல்லலாகாது, இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று வாதித்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. சண்டையின் சூட்டோடு அதனைப் படிக்கும்போதுதான், இரண்டு நியாயங்கள் எதிரெதிர் நின்றன என்று விளங்குகிறது. பாடநூலில் அச்சூடு ஆறிப்போய்விட்டது.

அக்காலத்திலேதான் பெயரும் மாறத் தொடங்கியது. 1927-இல் சென்னையில் காங்கிரசோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928-இல் மியூசிக் அகாதமி தோன்றியிருந்தது. 1931 மார்ச்சு மாதத்தில் கல்யாணி அம்மாளின் பெண்களாகிய ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகியோரின் ஆட்டத்தை அகாதமி தன் மேடையில் வைத்தது. 1932-ஆம் ஆண்டுச் சர்ச்சைக்குப் பின்னர், 1933 சனவரியில் அவர்களே மீண்டும் ஆடியபோது கூட்டம் பெருகியது. அதே ஆண்டில் இளம்பெண்ணான பாலசரஸ்வதியும் அம்மேடை ஏறினார். ‘நாட்ச்’, ‘சதிர்’ என்ற சொற்கள் பின்வாங்க, ‘பரதநாட்டியம்’ என்ற சொல் அறிவிப்புகளில் இடம்பிடித்தது. 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது ருக்மிணி தேவி முதன்முறையாக ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. அதன்பின் புதிய பெயரே நிலைத்தது.

பெயர் மாற்றம் ஒரு பாதுகாப்பு, அதனை மறுக்கவேண்டியதில்லை. பழிக்கப்பட்ட சொல்லைக் களைந்திராவிட்டால், பல குடும்பங்கள் தம் பெண்களை ஆட அனுப்பியிரா. ஆனால் சொல்லைக் களைந்தபோது, அச்சொல்லோடு வாழ்ந்த மனிதரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். மொழிபெயர்ப்பில் நாங்கள் நாள்தோறும் காண்பது இதுதான். கடினமான ஒரு சொல்லுக்குப் பதிலாக மென்மையான சொல்லைப் போட்டால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடும். மூலத்தில் இருந்தவர் மட்டும் காணாமற்போவார்.

காணாமற்போனவர் யார் என்பதை இசையின் பக்கமாகப் பார்ப்போம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று உலகெங்கும் ஆடப்படும் முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தவர். முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கர். அவர்கள் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலிய நட்டுவனார்களே புதிய தலைமுறைக்கும் குருமார். பழைய சதிரில் வாத்தியக்காரர் ஆடுபவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் முன்னே வந்தால் முன்னே வந்து, பின்னே போனால் பின்னே சென்று வாசிப்பர். மத்தளம் இடுப்பில் கட்டியிருக்கும். முகவீணையும் துத்தியும் ஒலிக்கும். பின்னாளில் கிளாரினெட்டும் சேர்ந்தது. மேடை மாறியதும் வாத்தியக்காரர் ஒருபுறமாக அமர்ந்தனர். துத்தி போய்த் தம்புரா வந்தது. ஆடுபவரைத் தொடர்ந்து நடந்த இசை, ஓரிடத்தில் உட்கார்ந்த இசையாயிற்று. இது சிறு மாற்றமன்று. பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் இடையே இருந்த தொலைவே மாறிவிட்டது.

இத்தகைய செய்திகளை எழுதிவைத்தவர்கள் பத்திரிகைக்காரர்களே. தமிழில் இவ்வகைக்கு வழிவகுத்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியை அவர் எழுதிவந்தார். சங்கீதத்தையும் நாட்டியத்தையும் பற்றிச் சாஸ்திரச் சொற்களால் பயமுறுத்தாமல், நான்காம் வகுப்பு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் விளங்கும்படி எழுதலாம் என்று காட்டினார். ராகத்தோடு கூட, கொட்டகையின் புழுக்கத்தையும், சபைக் காரியதரிசியின் நீண்ட சொற்பொழிவையும் எழுதலாம் என்று காட்டினார். சிரித்துக்கொண்டே படித்து முடித்தபின், அன்று மேடையில் என்ன நடந்தது என்பது படிப்பவர் மனத்தில் நின்றுவிடும்.

இவ்வாறு ஒரு கலைநிகழ்ச்சியில் யார் யார், எங்கே, எவ்வரிசையில் நின்றனர் என்று குறித்துவைப்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலை மட்டும் இளங்கோவடிகள் சொல்லிச் செல்லவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணம் சொல்லி, அரங்கின் அளவும் சொல்லுகிறார். ஆடுபவள் தனியாக ஆடுவதில்லை என்பது அக்காப்பியத்துக்குத் தெரிந்திருந்தது.

இனி, பழைய இதழ்களின் குற்றங்களையும் மறைக்கலாகாது. எழுதியவர் பெரும்பாலும் ஆண்மக்கள், படித்த வகுப்பினர், சபைகளோடு உறவும் பகையும் உடையவர். நட்புக்காகப் புகழ்ந்ததும் உண்டு. கட்சிக்காக இகழ்ந்ததும் உண்டு. தமிழிசை இயக்கம் எழுந்த 1940-களில், தமிழ்ப் பாட்டு எத்தனை, தெலுங்குப் பாட்டு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே விமரிசனமாகிவிட்ட நாட்களும் இருந்தன. தாய்மொழியில் பாட்டு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால் சாரங்கபாணியின் பதத்தைத் தன் பாட்டியிடமிருந்து வாய்ப்பாடமாகப் பெற்ற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது அயல்மொழிச் சரக்காகத் தோன்றியிராது. எல்லைக் கோட்டருகே வாழ்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இவற்றிலெல்லாம் பெரிய குறை, ஆடியவர்கள் எழுதியது மிகக் குறைவு என்பது. அவர்களைப் பற்றி எழுதிய பக்கங்கள் நூறு என்றால், அவர்கள் சொன்னது ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிப்பது நம் கடமை. 1927-இல் சட்டசபையில் தீர்மானம் வந்தபோது, சென்னையில் தேவதாசியர் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அம்முயற்சியில் முன்னின்றவர். எல்லாரையும் ஒரே குற்றச்சாட்டில் அடைக்கவேண்டா, கல்வி தாருங்கள் என்பது அவர்கள் வேண்டுகோளின் சாரம். அதே அம்மையார்தான் 1910-இல், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் காலத்து முத்துப்பழனி என்னும் தெலுங்குப் பெண்கவி இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தைப் பதிப்பித்தவர். ஆபாசம் என்று அந்நூலை அன்றைய அரசு தடைசெய்தது. 1947-இல்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு ஆலயம் எழுப்பியவரும் அவரே. ஒருபுறம் பக்தி, மறுபுறம் சிருங்காரம் என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே விடை.

இன்னொரு குரல் பாலசரஸ்வதியினுடையது. வீணை தனம்மாளின் பேத்தி. தாயார் ஜயம்மாள் பாட, கந்தப்பப் பிள்ளையின் நட்டுவாங்கத்தில் 1925-இல் காஞ்சிபுரத்துக் கோயிலொன்றில் அரங்கேறியவர். 1955-இல் சங்கீத நாடக அகாதமியின் விருது பெற்றார். 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை, கோபுரவாயிலில் நுழைந்து கருவறை வரை செல்லும் யாத்திரைக்கு ஒப்பிட்டார். சிருங்காரத்தைக் கழுவித் தூய்மை செய்யவேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. அதுவே தூய்மையானது என்பது அவர் உள்ளம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் மற்றவர்கள் நடத்திய கடிதப் போருக்கு, ஆடியவர் ஒருவர் பிந்தி அனுப்பிய கடிதமாக அவ்வுரையைக் கொள்ளலாம். 1932-ஆம் ஆண்டு இதழையும் 1975-ஆம் ஆண்டு உரையையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் வாதம் நிறைவு பெறுகிறது.

எனவே பழைய இதழைப் படிப்போர் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நாள். எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று தெரியாத பத்தி, முகவரியில்லாத கடிதம் போன்றது. இரண்டாவது, எழுதியவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது. அவர் சபையின் விருந்தினரா, சீர்திருத்தக் கட்சியினரா, டிக்கெட்டு வாங்கிச் சென்றவரா என்று அறிந்தபின் அவர் புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் நிறுத்துப் பார்க்கலாம். மூன்றாவது, எவர் பெயர் விடுபட்டது என்பது. ஆடியவர் பெயரை மட்டும் அச்சிட்டு, பாடியவரையும் நட்டுவனாரையும் மத்தளக்காரரையும் ‘பக்கவாத்தியம் நன்கு அமைந்தது’ என்ற ஒரே வரியில் முடிக்கும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட உரிமையும் உண்டு. ஏனெனில் இவ்வரலாற்றின் பிற்பகுதி உங்கள் ஊர்களிலேயே நடந்தது. நட்டுவனார்களும் உங்களைப்போல் பிழைப்புத் தேடி இரயில் ஏறியவர்களே. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945-இல் பம்பாய் மாதுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலாமந்திரை நிறுவினர். 1952-இல் அந்நகரில் ஷண்முகானந்த சபை உருவாயிற்று. தில்லியில் 1953-இல் சங்கீத நாடக அகாதமி தொடங்கியது. 1958-இல் அது கூட்டிய நடனக் கருத்தரங்கில் நாட்டின் பல பகுதிக் கலைஞரும் அறிஞரும் கூடினர். அத்தலைநகரிலேயே, பர்மாவிலிருந்து 1942-இல் நடந்து வந்து மத்திய அரசுப் பணியில் அமர்ந்த பி. வி. சுப்பிரமணியம், ‘சுப்புடு’ என்ற பெயரில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிய விமரிசனங்கள் கலைஞரை நடுங்கவும் வாசகரை நகைக்கவும் வைத்தன. 2007-இல் அவர் மறைந்தார். பகலில் கோப்பு, மாலையில் கச்சேரி, இரவில் கட்டுரை என்று வாழ்ந்த அவரைப் போன்ற குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் நம்மில் இன்னும் இருக்கின்றனர்.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில், பாட்டனார் கத்தரித்து வைத்த பத்திரிகைத் துண்டோ, ஒரு சபையின் நிகழ்ச்சித்தாளோ, ஓர் அரங்கேற்ற அழைப்போ இருக்கலாம். அதனைப் பழைய காகிதக்காரரிடம் போடுமுன், பின்புறத்தில் இதழின் பெயரையும் நாளையும் பென்சிலால் எழுதிவையுங்கள். நிழற்படத்தில் ஆடுபவர் பின்னால் நிற்பவர்களின் பெயர் வீட்டு முதியவர்க்குத் தெரிந்தால் கேட்டு எழுதுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் தமிழ் அச்சுச் செல்வத்தைப் பாதுகாத்து வருகிறது. அந்நூலகமே, கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனிமனிதர் ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் பிறந்தது. அழைப்பிதழ்களையும் அறிவிப்புத் துண்டுகளையும்கூட அவர் தள்ளாமல் சேர்த்தார்.

உங்கள் மகளுக்கோ பேத்திக்கோ அரங்கேற்றம் நடக்கும்போது, அழைப்பிதழின் நான்கு வரி வரலாற்றில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாம். அவள் ஆடப்போகும் பதம் யார் இயற்றியது, அவளுடைய குருவின் குரு யார், அவருக்குக் கற்றுக்கொடுத்த அம்மையார் யார் என்று அவ்வரி சொல்லட்டும். ‘சதிர்’ என்ற சொல்லை அதில் எழுதுவதற்கு நாணவேண்டியதில்லை. அச்சொல்லை வைத்து வாழ்ந்தவர்கள் இழிவுக்கு ஆளானபோதும், பாட்டையும் அடவையும் விட்டுவிடாமல் காத்து நம்மிடம் ஒப்படைத்தார்கள்.

வரதய்யபாளையத்துப் பாதையில் இன்று தொழிற்சாலைகளுக்குப் போகும் பேருந்துகள் ஓடுகின்றன. அப்பாதைக்கு அப்பால் கார்வேட்டிநகரத்தில் வேணுகோபாலன் கோயில் இருக்கிறது. அவன் பெயர் முத்திரையாக நின்ற பதமொன்றை, தில்லியிலோ மும்பையிலோ ஒரு தமிழ்க் குழந்தை இந்நேரம் பயின்றுகொண்டிருக்கக்கூடும். அப்பதம் எவ்வூரிலிருந்து, யார் யார் குரல் வழியாக அவளிடம் வந்து சேர்ந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.